ரூபிக்குச் சொல்ல வேண்டிய பதில்

நான் படிக்கும் சமுதாயக் கல்லூரியில் சேரலாமா என்று சித்தி மகள் ரூபி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேர நாளைதான் கடைசி நாள். விட்டால் வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போக வேண்டியதுதான். கல்லூரியின் மாலை வகுப்பில் மின்சாதனப் பழுதுநீக்கம் படிக்கிற எனக்குப் பதில் சொல்லப் பயம். பட்டறை நன்றாக இருக்கிறது; ஆசிரியர் பொறுமையானவர். ஆனால் நான் ஏதாவது கற்றிருக்கிறேனா என்பதுதான் தெரியவில்லை.

இன்று மிக்சியோடு வந்து நின்றாள்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு, புதுசு வாங்குங்கன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. நீ பாருக்கா."

வயரைச் சோதித்தேன். திருகுகளைக் கழற்றி மோட்டாரையும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. குழப்பத்தோடு திரும்ப மூடுவதற்காகக் கவிழ்த்தபோதுதான், அடியில் இருந்த சிவப்புப் பொத்தான் வெளியே துருத்தியிருப்பதைக் கண்டேன். அதிகச் சுமை ஏறினால் மிக்சியை நிறுத்துகிற பொத்தான் அது. அழுத்தினேன். மிக்சி ஓடியது.

"ஒரு பட்டனுக்கா இம்புட்டு நேரம்?" என்று ரூபி சிரித்தாள்.

"அதைத்தான் மொதல்ல பாக்கணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க. மறந்துட்டேன். என்னைய வச்சுக் காலேஜ எடை போடாத, ரூபி."

"உன்னைய வச்சுத்தான் போடணும். மறந்துமே சரி பண்ணிட்டல்ல? நாளைக்கு உங்கூட வாரேன். அந்த மொதப் பாடத்த உனக்கும் சேத்து நானே ஞாபகம் வச்சுக்கிறேன்."