முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

கிடைக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். கிடைத்துவிட்டது என்றிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். மதுரைக்குப் போய் மருத்துவக் கல்லூரிப் பேட்டியை முடித்துவிட்டு வந்த எனக்கு இரண்டும் இல்லாமல் ஒரு பதில் வந்தது. வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறாய், இடம் கிடைத்தவர்களில் யாராவது சேராமல் போனால் வரிசைப்படி கூப்பிடுவோம் என்று. ஆடி பிறந்து, காற்று கிளம்பி, சிவகாசித் தெருவெல்லாம் தூசி பறந்த பிறகும் நான் அந்த வரிசையிலேயே இருந்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே வரிசையில் நிற்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பெயர் யோபு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனிக்கிழமைகளில் ஓர் அச்சாபீசுக்குப் போய், காலண்டர் தாள்களில் தேதியும் கிழமையும் பண்டிகையும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுப்பார். எங்கள் ஊருக்கு அடுத்த வருடம் ஆடியிலேயே வந்துவிடும். அறுபத்துமூன்றாம் வருடம் கிறிஸ்துமஸ் என்ன கிழமை என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் சொல்லுவார். பெற்ற மகள் அடுத்த வாரம் எங்கே இருப்பாள் என்று கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஊருக்குப் பொறுமை இல்லை. குழாயடியில் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள், கோயில் வாசலில் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே, பசை காயாத கையை ஆட்டி என்னைக் கூப்பிடுவாள்.

"என்ன ஜோதி, இன்னுமா கூப்பிடல? அம்புட்டு மார்க்கு வாங்கியுமா?"

"இன்னும் இல்லக்கா."

"யாராச்சும் போனாத்தான் உனக்குன்னாகளே. யாரும் போகலயாக்கும்?"

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டில் நாங்களும் அதைத்தான் கேட்டோம். கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டோம், அவ்வளவுதான். "ஒரு வாசலைத் திறந்தருளும்" என்பார் அப்பா. வாசல் திறக்க வேண்டுமென்றால் உள்ளே போன ஒருத்தர் வெளியே வர வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவனுக்குப் படிப்பு பிடிக்காமல் போக வேண்டும், அல்லது அவன் வீட்டில் ஏதாவது ஆக வேண்டும். அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் ஆமென் சொல்லுவேன்.

அம்மா இன்பம் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காத்திருப்பது தொழில். இடுப்பு வலி எடுத்தவள் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். ஆனால் அங்கே எப்படியும் ஒரு பிள்ளை வந்துவிடும். இங்கே தபால்காரர் சங்கிலிமுத்துதான் வந்தார். எங்கள் வாசல் வந்ததும் சைக்கிளை மெதுவாக்கி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் எங்களைப் பார்க்கச் சங்கடப்பட்டு, எதிர்ச்சாரி வழியாகப் போக ஆரம்பித்தார்.

அந்த மாத நற்கருணை ஞாயிறன்றுதான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஆராதனை முடிகிற நேரம் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். காய்ச்சல் விட்டதற்காக, பசு கன்று போட்டதற்காக, பட்டாசுக் கம்பெனித் தீயில் மகன் தப்பியதற்காக. ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் ஆமென் சொல்லும். அன்றைக்கு உபதேசியார் கடைசிக் கவரை எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து, வழக்கத்தைவிட உரக்க வாசித்தார்.

"ஆசிரியர் யோபு அவர்கள் குடும்பத்தார், மகள் ஞானஜோதிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக."

ஆமென் என்றது சபை. அவ்வளவு பெரிய ஆமென் அதற்கு முன் அந்தக் கோயிலில் நான் கேட்டதில்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரி மேட்ரன் பாக்கியம் அம்மா, நற்கருணை ஞாயிறுக்கு மட்டும் சாத்தூர் ரோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா அவரிடம்தான் நர்ஸ் வேலை படித்தவள். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். கோயில் வாசலில் வைத்து அம்மாவைப் பொய்க்காரி ஆக்க எனக்கு நாக்கு எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"கிடைக்காத இடத்துக்கு யாரும்மா காணிக்கை போடுவா?"

"கிடைச்ச பெறகு நன்றி சொல்றதுக்கு விசுவாசம் எதுக்கு?" என்றாள் அம்மா. "கிடைச்சிரும்னு நம்பி முன்னாடியே சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"கிடைச்சதுன்னுல்ல எழுதியிருக்க."

"வேற எப்படி எழுத?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரே அடுத்த வருடத்தை இப்போதே அச்சடித்துக் கட்டுகிறது, இவள் மட்டும் என்ன செய்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அந்த நிமிடம் இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

அதன் பிறகு ஊர் கேட்பதை விட்டுவிட்டது. அது இன்னும் மோசம். கருப்பம்மாள் அக்கா, பட்டாசு மருந்து பட்டு வெந்த தன் மகள் கையைக் கொண்டுவந்து காட்டி, "டாக்டரம்மா, இதுக்கு என்ன போட?" என்றாள். நான் அம்மாவைக் கேட்டு மருந்து சொன்னேன். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சீக்கிரம் என்றேன். இல்லாத இடத்துக்குப் போக நாள் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, ஆனைக்குட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். தோளில் ஒரு சாக்குப் பை. பெயர் கண்ணுச்சாமி, கிணற்றுப் பாசனத்தில் காய்கறி வைக்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பையிலிருந்து கத்தரிக்காயையும் சீனியவரைக்காயையும் தரையில் கொட்டினார்.

"நர்சம்மா வீடு இதுதான? நல்லா இருக்கீகளா? எம் மக செல்லத்தாய்க்கு மிஷன் ஆஸ்பத்திரியில நர்சு படிப்புக்கு இடம் கெடச்சுப்போச்சு. உங்க வீட்டால கெடச்சது."

"எங்க வீட்டாலயா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஒரு இடந்தான் பாக்கி, அது இன்பம் நர்சு மகளுக்குன்னு சொல்லி வச்சிருக்கு, அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்னா உன் மகளக் கூப்பிடுறேன்னு மேட்ரனம்மா சொல்லியிருந்தாக. எம் மக சித்திரையில இருந்து சோறு தண்ணி இல்லாமக் காத்துக் கெடந்தா. உங்க பிள்ளைக்குப் பெரிய படிப்பே கெடச்சுப்போச்சுன்னு கோயில்ல வாசிச்சாகளாம்ல. மறுநாளே ஆள் விட்டுட்டாக." அவர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி."

எனக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து கத்தரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"டாக்டருக்கு வரலைன்னா அதுலயாவது உன்னைச் சேத்துரலாம்னு கேட்டு வச்சிருந்தேன்" என்றாள். "உங்கிட்டச் சொன்னா மனசு விட்டுருவேன்னு சொல்லல. மேட்ரனம்மா அன்னைக்குக் கோயில்ல இருப்பாகன்னு எனக்கு ஓடவே இல்லையே ஜோதி."

திட்ட வேண்டும் போல இருந்தது. நம்பிக்கையையும் முந்தானையில் முடிந்துகொண்டு, அது அறுந்தால் பிடித்துக்கொள்ள இன்னொன்றையும் வைத்திருந்திருக்கிறாள். தன் வாயாலேயே அந்த இன்னொன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஆனால் திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. "கிளம்பு, போய்க் கேப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

சாத்தூர் பஸ் ஏறினோம். மேட்ரன் அறையில் அம்மா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். வெயிட்டிங் லிஸ்ட் என்ற வார்த்தை மட்டும் வெளியே வந்தது. மேட்ரன் கேட்டுவிட்டு, கோபப்படாமல், மேசை மணியைத் தட்டினார்.

"இன்பம், நீ எங்கிட்டப் படிச்ச பிள்ளை. அந்த ஆனைக்குட்டத்துப் பிள்ளை வந்து இன்னும் பாடமே தொடங்கல. வேணும்னா அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பிருதேன். ஆனா எனக்கு ஒண்ணு தெளிவா வேணும்." அவர் என்னைப் பார்த்தார். "ஜோதி, நீ சொல்லு. இடம் கெடச்சிருக்கா, இல்லையா?"

அதற்குள் மணிச் சத்தம் கேட்டு ஒரு பெண் வந்து கதவோரம் நின்றாள். புது நீலச் சேலை. கஞ்சி விறைப்பு இன்னும் விடவில்லை. கட்டத் தெரியாமல் கட்டி, கொசுவம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. செல்லத்தாய் இவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. மேட்ரன் கேட்டதை அவள் கேட்டுவிட்டாள். யார் நாங்கள் என்றும் புரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். சங்கிலிமுத்து சைக்கிளை மெதுவாக்கும்போதெல்லாம் நான் வைத்துக்கொண்ட முகம் அதுதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் காத்திருப்பு இன்றைக்கே தீரும். நாளைக் காலையில் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அத்தனை நாளும் நினைத்தவள் நான். கொடுக்க வேண்டியது இவளை என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மதுரையில் எனக்காக வெளியே வர வேண்டிய அந்த முகம் தெரியாதவனுக்கு, திடீரென்று ஒரு முகம் வந்துவிட்டது. கொசுவம் கட்டத் தெரியாத முகம்.

"கெடச்சிருச்சு மேட்ரனம்மா" என்றேன். "அம்மா சும்மா பயப்படுறா."

மேட்ரன் நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "சரி" என்றார்.

செல்லத்தாய் வராந்தா வரைக்கும் எங்கள் கூடவே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பக்கா போறீக?"

"கூப்பிட்டதும் போவேன்" என்றேன்.

அது பொய் இல்லை. அவள் கொசுவத்தைச் சரிபண்ணிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மா, கோயிலில் சொல்வது போலவே, ஆமென் என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. ரோட்டுக்கு வந்து புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நின்றோம். எவ்வளவு நேரத்தில் வரும் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால் வலித்தது. இரண்டு பேரும் மைல்கல் மேல் மாற்றி மாற்றி உட்கார்ந்துகொண்டோம்.