ஐரோப்பாவுக்கு ஒரு செக்‌ஷன் கன்ட்ரோலர்

1974ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், ஐரோப்பாவின் ஆறு நாடுகள் தங்களுக்குள் தீர்க்க முடியாத ஒரு தகராறை ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு கேன்டீனில் வைத்துத் தீர்த்துக்கொண்டன. நம்பாதவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கேன்டீன் என்பதைக் கான்ஃபரன்ஸ் ஹால் என்று வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். மற்ற எதிலும் கை வைப்பதற்கில்லை.

கடும் வெப்பம் தாங்கும் பீங்கான் வகைகளை ஆராய அரசாங்கம் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. அதன் திட்டப் பிரிவுக்கு தியோடர் சூப்பரின்டெண்டென்ட். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடக்கூடாது. தியோடர், படம் வரைகிற ஏனோக், டைப்பிஸ்ட் ஜெயசுந்தரி, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். ஃபேன் மட்டும் நிரந்தரம்; ஜெயசுந்தரி தற்காலிகம். தியோடர் அதற்கு முன்பு இருபத்திரண்டு வருஷம் செகந்திராபாத்தில் ரயில் ஓட்டியவர். என்ஜினில் ஏறி அல்ல; கன்ட்ரோல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் டெலிபோனும் கையில் பென்சிலுமாக ஓட்டினார். எந்த வண்டி போகலாம், எது நிற்க வேண்டும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஜனவரியில் டில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்ச் 31க்குள் திட்டப் பிரிவு உருப்படியாக ஒரு காரியம் செய்து காட்டாவிட்டால் அதைக் கலைத்து ஸ்டோர்சோடு சேர்த்துவிடுவார்கள். தியோடர் போய் நட்டு போல்ட் எண்ண வேண்டியது. ஏனோக் அவற்றுக்கு லேபிள் ஒட்ட வேண்டியது. ஜெயசுந்தரிக்கு அந்த யோகமும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கைக்கு சார், ஏன் கவலைப்படுறீங்க? டைரக்டர் பார்த்துக்குவார்," என்றான் ஏனோக்.

"டைரக்டர் பார்த்துக்கிட்டுதான் இருக்கார். அதுதான்டா கவலை," என்றார் தியோடர்.

டைரக்டர் நாராயணஸ்வாமி கும்பகோணத்துக்காரர். பெரிய படிப்பு, அதைவிடப் பெரிய நம்பிக்கை. ஐரோப்பாவில் ஆறு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒரே திட்டமாகப் போடப் பார்க்கின்றன என்று அவருக்குத் தெரியவந்தது. மூவாயிரம் டிகிரியில் எரிகிற பெரிய உலை ஒன்றை ஹாலந்தில் கட்டுவது, அதில் ஆளுக்கொரு முறை வைத்து அவரவர் பீங்கானைச் சோதிப்பது. இதுவரை சம்மதம். யார் முதலில் என்பதில்தான் இடித்தது. ஆறு தலைநகரங்களில் ஆறு முறை கூடினார்கள், ஆறு முறை சண்டை. எந்த ஊரில் கூடினாலும் அந்த ஊர்க்காரன் மேல் மற்ற ஐந்து பேருக்கும் சந்தேகம். நாராயணஸ்வாமி உடனே தந்தி அடித்தார்: "ஏழாவது கூட்டத்தை ஹைதராபாதில் வையுங்கள். ஏழாவது பங்காளியாக எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." எங்கேயாவது போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

முதல் நாள் முழுக்கச் சண்டை. குறிப்பு எடுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த தியோடர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆறு பேரும் தங்கள் பீங்கான் 1976 ஜனவரியில் தயாராகிவிடும் என்றார்கள். ஒருவர்கூட பிப்ரவரி என்று சொல்லவில்லை. நாராயணஸ்வாமியும் எழுந்து, "நாங்களும் ஜனவரிதான்," என்றார்.

மறுநாள் காலை கேன்டீன் சுவரில், கைகழுவும் தொட்டியிலிருந்து ஃபில்டர் காபி கவுன்டர் வரை, இருபத்திரண்டு அடிக்கு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஏனோக் வரைந்தது. மேலே வருஷமும் மாசமும் கட்டம் கட்டமாக ஓடின. பக்கவாட்டில் மாவு அரைப்பது, வார்ப்பது, சின்ன உலை, பெரிய உலை என்று நாலு பெயர்கள். ஏழு நாடுகளுக்கும் ஏழு சாய்வுக்கோடுகள்.

"இது என்ன, யாருடைய இருதயத் துடிப்பு?" என்று கேட்டார் ஜெர்மன்காரர். பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். தியோடருக்கு அது தமிழாகத்தான் காதில் விழும். அவர் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

"டிரெய்ன் சார்ட் சார். ஒத்தை லைன்ல வண்டி விடுறதுக்குப் போடுறது. பக்கத்துல இருக்கிறது ஸ்டேஷனுங்க. நீங்க ஆளுக்கொரு வண்டி. பெரிய உலை ஸ்டேஷனுக்கு ஏழு வண்டியும் ஒரே மாசத்துல, ஒரே பிளாட்பாரத்துக்கு வருது பாருங்க. எங்க டிவிஷன்ல இதுக்குப் பேரு டைம்டேபிள் இல்லே சார். விபத்து."

குழுத் தலைவர் வான்டர்பெர்க் ஹாலந்துக்காரர். சிக்னல் கம்பம் மாதிரி உயரம். அவர் மட்டும் சிரித்தார்.

"வண்டி என்றால் நாங்கள் மெயில் வண்டி. மற்றவர்கள் ஒதுங்குவதுதான் முறை," என்றார் பிரிட்டிஷ்காரர்.

"நாங்களும் மெயில்தான்," என்றார் பிரெஞ்சுக்காரர்.

பதினொரு மணி டீ வருவதற்குள் ஏழு மெயில் வண்டிகள் ஆகிவிட்டன. கூட்ஸ் வண்டியாக இருக்க ஒரு நாடும் சம்மதிக்கவில்லை.

"எல்லாருமே மெயிலா இருங்க, எனக்கொண்ணும் ஆட்சேபமில்லே," என்றார் தியோடர். "ரூல் ஒண்ணுதான். தேதியை நீங்களே சொல்லுங்க. சொன்ன தேதிக்கு வந்தா நேரா உள்ளே. வரலேன்னா லூப் லைன்ல ஒதுக்கி நிறுத்திருவேன். பின்னாடி வர்ற அத்தனை வண்டியும் தாண்டிப் போன பிறகுதான் உங்களுக்கு சிக்னல்."

இத்தாலிக்காரர் டீயைக் கீழே வைத்தார். "எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருக்கும்?"

"அதுக்குக் கணக்கே கிடையாது சார். ஒருதரம் ஒரு மெயிலைப் பதினாறு மணி நேரம் நிறுத்தினேன். அதுல கல்யாணத்துக்குப் போய்க்கிட்டிருந்த மாப்பிள்ளை இறங்கி, அந்த ஊர்லேயே பொண்ணு பார்த்துக் கட்டிக்கிட்டாரு. இப்போ நாலு பிள்ளைங்க. வண்டி மேல ஒரு புகாரும் இல்லே."

ஜனவரி என்பது பொய் என்று ஏழு பேருக்கும் தெரியும். மற்ற ஆறும் பொய் என்பதும் தெரியும். ஆனால் முதலில் யார் வாயைத் திறப்பது? ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

தியோடர் ஏழாவது கோட்டைப் பார்த்தார். அது நம்முடையது. மாவு அரைக்கும் மில்லே இன்னும் வாங்கவில்லை. அதற்கான காகிதம் டில்லியில் எந்த மேஜையில் இருக்கிறது என்பதையே கண்டுபிடிக்க முடியவில்லை. தலைகீழாக நின்றாலும் 1978 ஆகஸ்டுக்கு முன்னால் ஆகாது. அதைச் சொன்னால் டைரக்டருக்கு எல்லார் முன்னிலையிலும் முகம் போய்விடும். அப்புறம் பிரிவு மார்ச் 31 வரைகூடத் தாங்காது. சொல்லாவிட்டால் பொய்க்கோடு. பொய்க்கோடு போட்ட சார்ட்டை நம்பி இரண்டு வண்டி மோதிக்கொண்டதை அவர் ஒருமுறை டெலிபோனில் காதால் கேட்டிருக்கிறார். அந்தக் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஜெயா, ரப்பரைக் கொடும்மா."

ஜெயசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. கையை இறுக மூடிக்கொண்டாள். "நக்கோ சார், வேண்டாம். டைரக்டர் பார்க்கிறாரு. என் வேலை சார்."

"உன் வேலைக்காகத்தாம்மா கேக்கறேன். கொடு."

கொடுத்தாள். இந்தியாவின் கோட்டை தியோடர் மெதுவாக அழித்தார். ஐந்தடி தள்ளிப்போய், 1978 ஆகஸ்டில் புதுசாகப் போட்டார். "எங்க வண்டி இதுக்கு முன்னாடி வராது சார்," என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பென்சிலைக் காது மேல் செருகிக்கொண்டார்.

நாராயணஸ்வாமியின் முகம் எந்த உலையிலும் வைக்காமலே சிவந்தது.

முதலில் எழுந்தவர் இத்தாலிக்காரர். "அந்த ரப்பரை இப்படிக் கொடுங்கள். எங்களுக்கு அக்டோபர் ஆகும்," என்றார். அடுத்து ஜெர்மன்காரர் ஒரு வருஷம் தள்ளினார். பெல்ஜியம்காரர் தள்ளியதைப் பார்த்து ஜெர்மன்காரர் திரும்ப எழுந்து, இன்னும் மூன்று மாசம் தள்ளினார். பிற்பகல் இரண்டு மணிக்கு ரப்பர் தீர்ந்துபோனது. ஏனோக் நாச்சாரம் இரானி ஓட்டலுக்கு ஓடிப்போய் இரண்டு டஜன் பன் வாங்கி வந்தான். பன்னின் உட்பக்கத்தால் பென்சில் கோடு சுத்தமாக அழியும். பிரான்ஸ் மட்டும் ஒன்பது பன் தீர்த்தது. கேன்டீன் வாசலில் கூடிய காக்கைகளுக்கு அன்று விருந்து. பிரிட்டிஷ்காரர் கடைசி வரை நின்று பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காத சமயத்தில் தானே போய் 1979 ஜனவரியில் கோடு போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு ஏழு கோடுகளும் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. ஆறு தலைநகரங்களில் வராத சமாதானம் வந்துவிட்டது. ஒப்பந்தம் டைப் அடிக்க ஜெயசுந்தரி காகிதம் செருகினாள். எட்டு ஷரத்து முடிந்ததும் ஒன்பதாவது வந்தது: இந்த சார்ட்டை யார் வைத்துக்கொள்வது?

பழைய சண்டை திரும்ப ஆரம்பித்தது. ஜெர்மனியிடம் பென்சிலைக் கொடுக்க பிரான்சுக்கு இஷ்டமில்லை. பிரான்சிடம் கொடுக்க யாருக்குமே இஷ்டமில்லை.

வான்டர்பெர்க் எழுந்தார். "தன் டைரக்டர் கண் முன்னாலேயே தன் கூடத்தின் தேதியைத் தள்ளிப்போடுகிற ஆசாமி உங்களில் யாரிடமாவது உண்டா? என்னிடம் இல்லை. பென்சில் இங்கேயே இருக்கட்டும்."

ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும் உயர்ந்தது.

ஒன்பதாவது ஷரத்து இப்படி அமைந்தது: 1984 டிசம்பர் முடிய, ஹைதராபாத் திட்டப் பிரிவு தற்போதுள்ள மூன்று ஊழியர்களுடன் இந்த சார்ட்டைப் பராமரிக்கும். "மூன்று ஊழியர்களுடன்" என்பதை யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. டைப் அடித்தவள் ஜெயசுந்தரி. ஏழு பேரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழு கையெழுத்துள்ள சர்வதேச ஒப்பந்தத்தை ஸ்டோர்சோடு எப்படிச் சேர்ப்பது என்று டில்லிக்கு வழி தெரியவில்லை. மார்ச் 29ஆம் தேதி பிரிவு நீடிக்கும் என்று கடிதம் வந்தது. கூடவே ஜெயசுந்தரியை நிரந்தரமாக்கும் உத்தரவும் வந்தது. அவள் அதைத் தானே மூன்று நகல் டைப் அடித்து, ஒன்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நாராயணஸ்வாமி முதல் தடவையாகத் திட்டப் பிரிவுக்கு நடந்து வந்தார்.

"ஓய் தியோடர், அன்னிக்கு அத்தனை பேர் எதிர்க்க என் மானத்தை வாங்கிட்டீரே?"

"இங்கிலாந்துக்கு அஞ்சு மாசம் முன்னாடிதான் சார் நிக்கிறோம்."

டைரக்டர் அதைக் கொஞ்சம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, போனது போகட்டும். அந்த ஆகஸ்டை ஜூன்னு மாத்திடலாமே? ரெண்டு மாசந்தானேய்யா. யாருக்குத் தெரியப்போறது?"

"மில்லு வந்துச்சா சார்?"

"வரல்லை."

"ஆர்டராவது போட்டாச்சா சார்?"

டைரக்டர் ஜெயசுந்தரி பக்கம் திரும்பினார். "அம்மா, டில்லிக்கு ஒரு கடிதம் எழுதணும். கொஞ்சம் காட்டமா."

"ஹவ் சார், எழுதிடலாம்," என்று அவள் மெஷினில் காகிதத்தைச் செருகினாள்.