ரதிக்குக் கொடுத்த அழுகை

ஒரு ராத்திரி அழுகைக்கு ஐயாயிரம் ரூபாய். வேட்டியும் தேத்தண்ணியும் தனி. காமன் கூத்தில் சிவன் எரித்த காமனுக்காக ரதி அழுவாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ரதி என்றால் அது செல்லசாமிதான். முக்காட்டை இழுத்துவிட்டு அவர் ஓர் ஓலம் எடுத்தால், ஹட்டனில் கடை வைத்து, கடன் சொல்லி அழுகிறவர்களுக்கு இளகாத மகன் தரணிதரனே கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

இன்று அவர் மனைவி வீரம்மா தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவில் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். செல்லசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் பொட்டு ஈரமில்லை.

“காமனுக்கு அம்புட்டு அழுதாரு. கட்டுனவளுக்கு ஒரு சொட்டு இல்ல,” என்றாள் பெரியம்மா, அவர் காதில் விழட்டும் என்றே.

“சும்மா இருங்க பெரியம்மா,” என்றான் தரணிதரன்.

ஆனால் அவனுக்கும் அதுதான் உறுத்தியது. பெட்டியை மூடுவதற்குள் அப்பா ஒரு தடவை அழுதுவிட வேண்டும். அம்மாவுக்கு அதையாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

வாசலில் தப்படித்த பொன்னையாதான் கூத்துக்கும் அடிப்பவர். உள்ளே எட்டி செல்லசாமியைப் பார்த்தார். சாவு அடி மெல்ல, ரதி அழுகிற அடியாக மாறியது. மனுசன் அழுது தீர்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். செல்லசாமியின் தோள் எழுந்தது, வாய் திறந்தது. சட்டென்று கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டு பொன்னையா.”

கூரைத் தகரத்தின் மேல் மழை கேட்டது. தரணிதரன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“அழுதுருங்கப்பா.”

“எத அழுவுறது? ஒனக்கு முன்னால ஒரு பொம்பளப் புள்ள பொறந்து செத்துச்சில்ல? அன்னைக்கு ஒங்கம்மா கத்துனா பாரு, அந்தக் கத்தலத்தான் எடுத்துக்கிட்டேன். அடுத்த மாசிக் கூத்துல ரதிக்குப் போட்டேன். சனமே அழுதிச்சு. ஒங்கம்மா மட்டும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டா.”

குளிர் ஒத்துக்கொள்ளாததால் அம்மா கூத்துக்கு வருவதில்லை என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“ஒண்ணும் கேக்கலியா?”

“கேக்கல. வருசா வருசம் அவ கூரப்பொடவைய அவளே எனக்குக் கட்டிவிட்டா.” குரல் இறங்கியது. “எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு அழுகதான் சாமி. அவகிட்ட எடுத்தத அவளுக்கே நடிச்சுக் காட்டவா?”



பெட்டியை மூட வந்தார்கள். செல்லசாமி எழுந்து, வேஷச் சாமான் பையிலிருந்து கூரைப்புடவையை எடுத்தார். தோள் பக்கம் அரிதாரக் கறை. அதை அவள்மேல் விரித்து, மடிப்பு எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பிரித்து மறுபடி எடுத்தார். அப்போதும் வரவில்லை. ஆணியோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

புதைத்துவிட்டு வந்து, கடைக்காரப் பழக்கத்தில் தரணிதரன் கணக்குப் பார்த்தான். பெட்டிக்குக் கொடுத்தாயிற்று. பந்தலுக்குக் கொடுத்தாயிற்று. பாதியில் நிறுத்திய அடிக்குக் காசு வாங்கமாட்டேன் என்று பொன்னையா ஐந்நூறைத் திருப்பித் தந்துவிட்டார். அம்மாவுக்குப் புடவை போய்ச் சேர்ந்தது.

அழுகை பாக்கி.