வெறும் வண்டியாவா போவுது?

என் கணவர் பூபதி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அது நிற்கிறது. சிவப்பு நிறம். இரண்டே இரண்டு சீட்டு. கோயமுத்தூரில் யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டி அலுத்து இன்னொருவர் தலையில் கட்ட, அவர் அதை எங்கள் தலையில் கட்டினார். மலையில் வண்டி வாங்குகிறவர்கள் ஜீப் வாங்குவார்கள், குட்டி லாரி வாங்குவார்கள். வயிறு தரையில் தேய்கிற வண்டியை வாங்குவதற்கு ஒரு தனி மூளை வேண்டும். அது எங்கள் வீட்டுக்காரருக்குத் தாராளமாகவே உண்டு.

"ஏனுங்க, ரெண்டே ரெண்டு சீட்டுத்தானுங்களா?" என்று வண்டி வந்த அன்றே கேட்டேன்.

"உனக்கொண்ணு, எனக்கொண்ணு. வேற யாரு வேணும் கண்ணு?" என்றார்.

எனக்கும் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. மறைப்பானேன்?

ஆனால் அந்த இடது பக்கத்துச் சீட்டில் நான் உட்காரவே முடியவில்லை. மலையிலிருந்து இறங்குகிற எந்த வண்டியும் காலியாக இறங்காது; அது இங்கே யாரும் போடாத சட்டம். இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், ஒரு வாழைத்தார், ஒரு மூட்டை கிழங்கு, இரண்டு பலாப்பழம் வாசலில் வந்து நின்றுவிடும். "கீழதான போறீங்க" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பூபதிக்கு அந்த வார்த்தை வாயிலேயே வராது. டிக்கியில் பலாப்பழம், என் சீட்டில் பலாப்பழம், அதற்கு சீட் பெல்ட் வேறு. நான் மட்டும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி போவேன்.

இப்படி ஏற்றி ஏற்றி வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் டயர் மட்கார்டில் உரசி, கழுத்து அறுபடுகிற கோழி மாதிரி கத்தியது. கேட்டால், "ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் சத்தம் வரும்" என்பார்.

அப்போதுதான் முள்ளுக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் மணிவண்ணன் மகளுக்குக் காதுகுத்து. நான் அத்தை, சீரோடு போய் நிற்க வேண்டியவள்.

இங்கே என் பெரியம்மா பழனாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் பூபதியும் ராசிபுரத்தில் ஒரே காலேஜில் படித்து, நாங்களாகவே முடிவு செய்து, வீட்டில் அழுது புரண்டு கட்டிக்கொண்டோம். கல்யாண மண்டபத்தில், மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பெரியம்மா கேட்டார்: "போயும் போயும் மலைக்கா பொண்ணைக் குடுக்கறீங்க?" மைக் அதை ஊருக்கே அறிவித்தது. அன்றிலிருந்து அம்மா வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் நான் பஸ்ஸில், கசங்கிய சேலையும் வெளுத்த முகமுமாகப் போய் இறங்குகிறேன். பெரியம்மா ஒவ்வொரு முறையும் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாவம்" என்று மட்டும் சொல்வார்.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான். பட்டுச்சேலை கட்டி, தலை கலையாமல், அந்தச் சிவப்புக் காரின் இடது கதவைத் திறந்து பந்தல் முன்னால் இறங்க வேண்டும். பெரியம்மா அதைப் பார்க்க வேண்டும். இது அல்பம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் ஆசை போய்விடுமா?

"இந்தத் தடவை நான் கார்லதான் வருவேன். பலாப்பழம் பஸ்ஸுல வரட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன? பின்னாடிக்கு அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் போட்டுடறேன். ராணி மாதிரி போலாம்" என்றார் பூபதி.

சாமான் பஸ்ஸில் வந்தது. மஞ்சள் ஸ்பிரிங் சுற்றிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள். உடம்பு முழுக்க மரை. அதில் ஒரு வளையம். கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனரால் அந்த வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். மேலே ஒரு குமிழ், அது இறுக்கத்துக்கு. போனில் ஒரு வெள்ளைக்காரன் கையுறை போட்டுக்கொண்டு, பளபளவென்று துடைத்த ஷெட்டில், விசில் அடித்தபடியே இதை மாட்டிக் காட்டினான். எங்கள் கொட்டகையில் விசில் அடிக்க யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடன் உதவிக்கு வந்தார். சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பதால் எல்லா இயந்திரத்துக்கும் தானே வைத்தியர் என்று அவருக்கு நினைப்பு. ஜாக்கியால் தூக்கி, பலாக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். கீழே இருந்த போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், கொஞ்சம் கெஞ்சினார்கள், நிறையத் திட்டினார்கள். மேல் நட்டுகளைப் பிடிக்க டிக்கிக்குள் தலையை விட்ட பூபதியின் கால்கள் மட்டும் சாயங்காலம் வரை வெளியே தெரிந்தன. இடையில் ஒரு கோழி பழைய ஸ்பிரிங்குக்குள் போய் உட்கார்ந்து பார்த்தது. அதற்கும் பிடிக்கவில்லை.

ஒருவழியாகப் புதியது ஏறியது. அடுத்தது உயரம் பிடிக்கும் வேலை. காலி வண்டியில் ஓட்டுகிறவர் எடையை மட்டும் வைத்து உயரம் பார்க்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பூபதி அதைச் சத்தமாகப் படித்தார். செங்கோடன் சிரித்தேவிட்டார்.

"வெறும் வண்டி எந்த ஊருல ஓடுது பூபதி? இவன் மலையவே பாத்திருக்க மாட்டான்."

என் வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. டிக்கி கொள்கிற மட்டும் பலாப்பழம் அடுக்கினார்கள். அதன் மேல் ஒரு மூட்டை கிழங்கு. ஓட்டுகிற சீட்டில் செங்கோடன். இடது சீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள். அதாவது, அந்தக் காரில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது எடைக்கல்லாகத்தான்.

"மடியில அந்தக் குட்டிப் பழத்தையும் வெச்சுக்க கண்ணு. கரெக்டா இருக்கும்" என்றார் பூபதி.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கை தாராளமாக நுழைகிற வரைக்கும் வளையத்தைத் திருகி ஏற்றினார். குமிழை முடிகிற மட்டும் இறுக்கினார். லோடோடு வண்டி அம்சமாக நின்றது. காலி செய்த பிறகு எப்படி நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கும் எண்ணம் மூன்று பேருக்குமே வரவில்லை. பசி.

காதுகுத்து அன்று காலையில் இன்ஜின் சத்தம் கேட்டதும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. நான் பட்டுச்சேலையோடு கேட்டில் போய் நின்றுகொண்டேன். முதலில் வந்தது ராமாயக்கா. எங்களுக்கு மேல் வீடு. ராசிபுரம் சந்தைக்குப் போக வேண்டிய பலாப்பழங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னைக்கு லோடு ஏத்தலீங்க" என்றேன்.

"ஏன் சாமி, வண்டி கீழ போவலையா?"

"போவுதுங்க. ஆனா ஏத்தலீங்க."

"வெறும் வண்டியாவா போவுது?" என்று கேட்டாள், யாரோ செத்த சேதியைக் கேட்டவள் போல.

"நாங்க விசேஷத்துக்குப் போறோமுங்க. சந்தைக்கு இல்ல. எப்பப் பாத்தாலும் எங்க வண்டிதானுங்களா கெடைச்சுது?"

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. இருந்தாலும் சொன்னேன். ராமாயக்கா சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். செங்கோடன்கூட தன் கிழங்கு மூட்டையோடு போனார்.

நாங்கள் கிளம்பினோம். டிக்கியில் என் சீர்த்தட்டு மட்டும்தான். முதல் வளைவு வரைக்கும் நான் ராணிதான். அந்த வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு குதி குதித்தது. அடுத்ததில் இரண்டு. ஐந்து பழத்துக்கும் ஒரு மூட்டைக்கும் ஏற்றி வைத்த ஸ்பிரிங், ஒரு சீர்த்தட்டுக்கு மசியுமா? வாலைத் தூக்கிக்கொண்டு, மூக்கால் ரோட்டை மோந்தபடி கார் இறங்கியது. அதற்கும் அடுத்த வளைவில் பின் சக்கரங்கள் தரையை விட்டுக் குறுக்கே நழுவ, தடுப்புச் சுவர் என் கதவுக்கு மிக அருகில் வந்து பார்த்துவிட்டுப் போனது. பூபதி ஓரம் கட்டினார். நான் இறங்கி வாந்தி எடுத்தேன். கல்யாணமாகி நாலு வருஷம் போய்வந்த பஸ்ஸில்கூட அப்படி எடுத்ததில்லை.

"கொஞ்சம் எறக்கி வெச்சா சரியாப் போயிடும்" என்றார்.

"எறக்குங்க."

"ஸ்பேனரு ஊட்டுல இருக்குது."

குமிழைத் திருகிப் பார்த்தார். பின்பக்கம் கொஞ்சமும் இறங்கவில்லை. "ரெண்டு பெரிய கல்லாப் பாத்து டிக்கியில போட்டா?" என்றார். அம்மா வீட்டுக்குக் கல்லைச் சீராகக் கொண்டுபோன முதல் அத்தை என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து பஸ் வந்து நின்றது.

ஜன்னலெல்லாம் எங்கள் ஊர் முகங்கள். பூபதி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் துரத்தியவர்களிடம் இப்போது பாரம் கேட்பது லேசான காரியமில்லை. ஆனால் அவர்கள் யாரும் என்னைக் கேட்க விடவில்லை. "அதுக்கென்ன, எறக்குங்க" என்றாள் ராமாயக்கா. முள்ளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் பழத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவள் பழங்களைச் செங்கோடனும் கண்டக்டரும் டிக்கியில் அடுக்கினார்கள். டிக்கி நிறைந்தது. பின்பக்கம் இறங்கி அழகாக உட்கார்ந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், மிச்சமிருந்த பெரிய பழத்தை என் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார் செங்கோடன். பழகின கை.

எனக்கு வந்த கோபத்தில், "நான் பஸ்ஸுலயே வாரேன்" என்றேன். எந்தக் கணவனும் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி கண்ணு, பாத்து வா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சத்தமில்லாமல், குதிக்காமல், ரோட்டோடு ஒட்டி, வளைவுகளில் அவ்வளவு அழகாகப் போனது அந்தக் கார். நான் அதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

முள்ளுக்குறிச்சி ஸ்டாப்பில் அவர் இல்லை. மற்றவர்களோடு பஸ் ராசிபுரத்துக்குப் போய்விட, நானும் ராமாயக்காவும் அண்ணன் வீட்டுக்கு நடந்தோம். பந்தல் வாசலில் சிவப்புக் காரைச் சுற்றி ஒரே கூட்டம். அருகில் பாய் விரித்து, எண்ணெய் தடவிய கத்தியோடு என் சித்தப்பா பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாப் பழமும் வெட்டியாகிவிட்டது. சந்தைக்குப் போக வேண்டிய ராமாயக்காவின் பழங்கள், பந்தியில் சுளைசுளையாக இலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

பூபதி என்னிடம் வந்து முணுமுணுத்தார். "ஸ்டாப்புலயே உங்கண்ணன் பாத்துட்டான். கையோட கூட்டியாந்துட்டான். சீருன்னு நெனச்சு எறக்கிட்டாங்க. நான் சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள முதல் பழத்தை வெட்டிட்டாங்க."

வாயைத் திறப்பதற்குள். இவர் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

பழனாயி பெரியம்மா வாயில் ஒரு சுளையும் கையில் ஒரு சுளையுமாக வந்தார். "மாப்பிள்ளை என்ன சீரு கொண்டாந்திருக்காரு பாத்தியா! நீ ஏன் சாமி இத்தனை லேட்டு?" பிறகு ராமாயக்காவைப் பார்த்தார். "இவங்க யாரு?"

ராமாயக்கா பாயைப் பார்த்தாள். தன் பழங்களின் தோலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தல் முழுக்க என் மானம் கப்பலேறிவிடும்.

"மேல் ஊடுங்க. எங்க ஊட்டு மருமவ பொறந்த ஊட்டுக்கு வெறுங்கையோட போனா எங்களுக்குத்தானுங்க கேவலம்? ஊரே சேந்து குடுத்துவுட்ட சீருங்க. பழம் நல்லா இருக்குதுங்களா?"

"தேனாட்டம் இருக்குது" என்றார் பெரியம்மா. "மலையில குடுத்ததும் நல்லதாத்தான் போச்சு."

நாலு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காலையில் கேட்டில் நின்று நான் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கத்தில் ராமாயக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்து நானே பரிமாறினேன்.

சாப்பிட்டு முடித்து, "அக்கா, பழத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அட, வுடு சாமி. ஆமா, வண்டி மேல போறப்ப வெறுமனேதான போவுது? மாட்டுக்கு ரெண்டு மூட்டை தவுடு வாங்கோணும்."

பூபதியே போய்த் தவிட்டை வாங்கி வந்து டிக்கியில் போட்டார். கிளம்பும்போது வழியனுப்ப எல்லோரும் பந்தல் வாசலுக்கு வந்தார்கள். நான் அந்த இடது பக்கக் கதவைத் திறந்து, ராமாயக்காவை உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

"அப்ப நீ?" என்றார் பெரியம்மா.

"எனக்குப் பஸ்ஸு இருக்குதுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் கார் என்னைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து ராமாயக்கா கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.