கோபத்தில் பிசைந்த மாவு

மாவு பிசைகிற நாளில் அந்த வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். மற்ற நாட்களில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷனாக இருக்கும் புருஷன், அன்றைக்குக் காலையில் மட்டும் எங்கிருந்தோ ஒரு வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். மாமியார் அதற்குப் பக்கவாத்தியம் வாசிப்பாள். மருமகளுக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அடங்கமாட்டாள். அதனால் புகுந்த வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். செல்லப் பெயர் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெள்ளை மனசு.

மாவு என்றால் மடிப்புக்கான மாவு. அந்தப் பலகாரத்துக்கு ஊரில் என்னென்ன பெயரோ, இந்த வீட்டில் மடிப்பு. விருந்தாளி யார் வந்தாலும் பட்டாசுதான் மடிப்பு செய்தாக வேண்டும். மைதாவில் சூடான நெய்யை ஊற்றி, விரல் நுனியால் பிசிறி, உப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். பேருக்குப் பிசைந்தால் போதாது. காது மடல் மாதிரி மெத்தென்று ஆகும்வரை குத்தி, இழுத்து, மடித்து, மறுபடி குத்த வேண்டும். அப்புறம் ஈரத்துணி போட்டு மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, நெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, துண்டு போட்டு, துண்டுகளை மறுபடி தேய்த்து, நடுவில் சர்க்கரையும் உடைத்த முந்திரியும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி முறுக்கி, அடங்கின தீயில் பொரிக்க வேண்டும். அப்போதுதான் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். கடித்தால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்கும். செய்கிறவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். தின்கிறவர்களுக்கு என்ன வந்தது?

அன்றைக்கு நாத்தனார் புது மாப்பிள்ளையோடு முதல் தடவையாக விருந்துக்கு வருகிறாள். பட்டாசு, சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் குளித்து, மைதாவைச் சலித்து, சமையலறைத் தரையில் அகலத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெய் காய்ந்து வருகிற நேரம் பார்த்து புருஷன் வந்து கதவு நிலையில் சாய்ந்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன்.

"நேத்து உங்க சூப்பர்வைசரம்மா எங்க கடைக்கு வந்திருந்தாங்க."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நீ தைக்கிற காலரெல்லாம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதாமே. அதப் பிரிச்சுத் தைக்கத் தனியா ஆள் போட்டிருக்காங்களாம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"யாரு காலரு? என் காலரா? அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலேன்னுதானே உங்க கடைக்கு வந்துச்சு? முதல்ல நல்ல கண்ணாடியா போட்டு அனுப்புங்க, அப்புறம் என் காலரப் பத்திப் பேசட்டும்!"

"அவன் கேட்டதச் சொல்றான். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கற?" என்று மாமியார் கூடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். "இல்லாததையா சொல்லப்போறாங்க?"

அவ்வளவுதான். பட்டாசுவின் முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருஷமாகத் தைக்கிறாள். அவள் கைபட்ட காலர் ஒன்று திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசரம்மா நேரில் பார்க்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதென்ன, முதுகுக்குப் பின்னால் கடை கடையாகப் போய்ச் சொல்வதென்ன! காய்ந்த நெய்யை ஊற்றி, தண்ணீர் தெளித்துத் திரட்டிய மாவை ஓங்கி ஒரு குத்து விட்டாள். தட்டு தரையில் நகர்ந்தது. இழுத்து வைத்து இன்னொரு குத்து. புருஷன் சத்தமில்லாமல் நழுவிவிட்டான்.

கோபத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இன்றைக்கு வந்த கோபம் தனியாக வராது, பழசையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். பட்டாசுவுக்குச் சூப்பர்வைசரம்மாவில் ஆரம்பித்தது, மாவு இறுகுவதற்குள் அக்காவில் வந்து நின்றது. எப்போதும் அங்கேதான் வந்து நிற்கும்.

அவள் தாயில்லாப் பெண். தலை வாரிப் பின்னி, பேன் பார்த்து, அழ அழப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டு வளர்த்ததெல்லாம் அக்காதான். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தபோது, அந்தக் குழந்தை சித்தியின் இடுப்பை விட்டு இறங்காது. அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில்தான், இதே மாதிரி மாவுத் தட்டோடு உட்கார்ந்த ஒரு காலையில், புருஷன் வந்து சொன்னான்.

"உங்க அக்கா எங்க சொந்தத்துல ஒருத்தர்கிட்ட சொன்னாங்களாம். தங்கச்சி வந்து முன்னால நின்னா, இன்னும் குழந்தை இல்லையான்னு எல்லாரும் கேப்பாங்க, எனக்குத்தான் தலைகுனிவு, ஓரமா வந்து சாப்பிட்டுட்டுப் போனாப் போதும்னு."

அன்றைக்கு அவள் ஒன்பது வார்த்தை பேசவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாவைத்தான் போட்டு அடித்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. அக்கா போன் மேல் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஒருநாள் அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். பட்டாசு உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் தூங்குறேன்னு சொல்லிடுங்க அத்தை" என்றாள். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு போனும் நின்றுபோனது. அந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதுகூட யாரோ மூன்றாம் மனுஷி சொல்லித்தான் தெரியும். கூடப்பிறந்தவளே அப்படிச் சொல்லிவிட்டாளே என்று நினைக்கும்போதெல்லாம் பட்டாசுவுக்கு வயிறு பற்றி எரியும். இப்போதும் எரிந்தது. மாவு காது மடல் பதத்துக்கு எப்போதோ வந்துவிட்டது, அவள்தான் விடவில்லை.

மாப்பிள்ளை நல்ல பையன். மின்சார வேலை பார்க்கிறவன், கலகலவென்று பேசுகிறவன். வந்து உட்கார்ந்ததும் முதல் தட்டு மடிப்பு கூடத்துக்குப் போனது. அடுத்த ஈட்டைப் பொரித்தபடி பட்டாசு சமையலறையில் நின்றிருந்தாள். நறுக் நறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டது.

"அடேயப்பா! எங்கம்மாவும் செய்வாங்க. எடுத்து எறிஞ்சா மண்டை உடையும்," என்றான் மாப்பிள்ளை. "அக்கா கைக்கு மட்டும் எப்படி இப்படி வருது? அதுல என்ன சூட்சுமம்?"

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். "அம்மா, சொல்லட்டுமா?"

"சும்மா இருடி, உள்ள இருக்கா," என்று மாமியார் குரலைத் தாழ்த்தினாள். காது மந்தமானவர்கள் குரலைத் தாழ்த்தினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். "அவளுக்குக் கோபம் வரணும் மாப்பிள்ளை. அதான் சூட்சுமம். மனசு நல்லா இருந்துச்சுன்னா, நாலு குத்து குத்திட்டு எந்திரிச்சுடுவா. கோபம் வந்துட்டாப் போதும், மாவைப் போட்டுச் சாத்து சாத்துன்னு சாத்துவா. அதனால காலையிலயே எதையாவது சொல்லி ஏத்தி விட்டுருவோம்."

"அதுக்குத்தான் அண்ணிக்குப் பட்டாசுன்னு பேரு," என்றாள் நாத்தனார். "திரி நம்ம அண்ணன்."

"இன்னைக்குக் காலரு," என்றான் புருஷன். அவன் குரலில் பெருமை வழிந்தது. "அந்தச் சூப்பர்வைசரம்மா மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

கூடமே சிரித்தது. பட்டாசு கையில் ஜல்லிக்கரண்டியோடு நின்றாள். முதலில் அவளுக்கே சிரிப்பு வருகிற மாதிரிதான் இருந்தது. அடப்பாவிகளா, இத்தனை வருஷமும் இதுதானா நடந்தது? வரட்டும், ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தாள்.

"இதெல்லாம் என்ன மாப்பிள்ளை," என்று மாமியார் சிரிப்பு அடங்காமல் தொடர்ந்தாள். "ஒரு வருஷம் வந்துச்சு பாருங்க, அந்த மாதிரி இதுவரைக்கும் வரல. அவ அக்கா என்னமோ சொன்னான்னு இவன் ஒண்ணு எடுத்து விட்டான். குழந்தை இல்லேன்னு அசிங்கமாச் சொன்னா, ஓரமா நில்லுன்னா, அப்படி இப்படின்னு. அன்னைக்கு மாவு அடிச்ச அடியில பக்கத்து வீட்டுக்காரி வந்து என்னன்னு கேட்டுட்டுப் போனா. மடிப்பு வாயில வச்சா கரைஞ்சுது!"

எண்ணெயில் கிடந்த மடிப்புகள் பொன்னிறம் தாண்டிக் கறுத்தன. பட்டாசு அவற்றை எடுக்கவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தாள். ஜல்லிக்கரண்டியோடு அப்படியே கூடத்துக்கு வந்து, எல்லார் முகத்தையும் பார்த்தாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"அக்கா சொன்னான்னு சொன்னீங்களே," என்றாள் புருஷனிடம். "அதுவும் மாவுக்குத்தானா?"

"அது... சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"அக்கா அப்படிச் சொல்லவே இல்லையா?"

"வாய்க்கு வந்ததச் சொன்னேன். அப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீதான் பிடிச்ச பிடியில நின்னுட்ட."

"அப்புறம்னா எப்ப? கல்யாணத்துக்கு நான் போகலையே, அப்பச் சொல்லியிருக்கலாமே? நீங்க மட்டும் போய்ப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு, எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்தீங்களே, வந்து சொல்லியிருக்கலாமே? அவ இந்த வாசல்ல வந்து நாய் மாதிரி நின்னுட்டுப் போனாளே, அப்பவாவது?"

"அப்பச் சொல்லியிருந்தா நீ என்னைக் கொன்னு போட்டிருப்ப."

"இப்ப மட்டும் விட்ருவேன்னு நினைப்பா?"

மாமியார் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "புது மாப்பிள்ளை முன்னாடி என்ன இது? ஒரு பலகாரத்துக்காக விளையாட்டாச் சொன்னத..."

"ஆமா அத்தை. ஒரு பலகாரத்துக்காகத்தான்," என்றாள் பட்டாசு. தோளை உதறிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்து, அந்த உடைசலோடே உயர்ந்தது. "எனக்கு மட்டுமா குழந்தை இல்ல? உங்களுக்கும்தானே இல்ல? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா என்கூட ஏறி இறங்கினீங்களே! அத எடுத்து மாவுல போட்டுப் பிசைய எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

புருஷன் தரையைப் பார்த்தான். மாப்பிள்ளை பாதி கடித்த மடிப்பை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தான். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினான். பட்டாசு ஜல்லிக்கரண்டியைப் புருஷன் மடியில் போட்டாள். எண்ணெய் சொட்டச் சொட்ட அது அவன் நல்ல வேட்டியில் விழுந்தது. பர்ஸை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். "எங்க போற? எங்க போறேன்னு கேக்கறேன்ல?" என்ற குரல் வாசல்வரைக்கும் வந்தது. தெருவுக்கு வரத் தைரியமில்லை.

அக்கா வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்கை வரைக்கும் மாவோடு ஏறியவளைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக மனசுக்குள் புருஷனைக் கூறு போட்டாள். அவனை, அவன் அம்மாவை, சிரித்த நாத்தனாரை. அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். பெரும்பாவி, என் தங்கச்சியை என்கிட்டேயிருந்து பிரிச்சுட்டானே என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொள்வாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள். அக்காதான் திறந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கையில் ஈரத் துணி, துவைத்துக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது. அக்கா வா என்று சொல்லவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டாசு மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மாவைச் சொன்னாள், காலரைச் சொன்னாள், அந்தக் காலையில் புருஷன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அது பொய்யாம் அக்கா, மடிப்பு மொறுமொறுன்னு வரணும்னு சொன்ன பொய்யாம் என்றாள். கேட்கக் கேட்க அக்கா முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அந்தக் குடும்பத்தில் கோபம் தங்கைக்கு மட்டுமா இருக்கும்?

"சொல்லி முடிச்சாச்சா?" என்றாள் அக்கா.

"ம்."

"உன் புருஷன் பொய் சொன்னான். சரி. அவன் யாரு எனக்கு? எவனோ பெத்த பிள்ளை. நான் அப்படிச் சொல்லியிருப்பேன்னு நீ எப்படிடி நம்பின?"

பட்டாசு முழங்கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினாள்.

"ஊரையே எதுத்துக் கேக்க உனக்கு வாய் இருக்கே. ஏன்க்கா அப்படிச் சொன்னேன்னு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க முடியலையா? உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவகிட்ட? மணமேடையில என் பொண்ணு சித்தி எங்க, சித்தி எங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. நான் உன் வீட்டு வாசல்ல நின்னப்ப நீ உள்ள நின்னுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? திரைக்குக் கீழ உன் கால் தெரிஞ்சுதுடி!"

புருஷனைக் கூறு போட்டு வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பட்டாசு மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, படிக்கட்டு எதிரொலிக்க அழுதாள். எதிர் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அக்கா அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். "அங்க நின்னு ஊரைக் கூட்டாத. உள்ள வா. நான் இன்னும் திட்டி முடிக்கல."