பின்னால் தள்ளியிருந்த சீட்

சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டுவது யாரும் செய்யக்கூடிய மடத்தனம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைத்துப் பூட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். சண்முகத்துக்கு அது இருந்தது.

கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி கதவைச் சாத்தினால் சாவி போடாமலே பூட்டிக்கொள்ளும் என்பதை அவர் ஒரு மாதமாகப் பழகி வந்தார். திரும்பிப் பார்க்காமல், ஒற்றைக் கையால், குதிரையை விட்டு இறங்கும் தளபதியைப் போலச் செய்வார். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட் வாசலில் முருங்கைக்காய் வாங்க இறங்கியவர், அதே தோரணையில் சாத்திவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான், முதுகுக்குப் பின்னால் மாருதி இன்னும் உறுமிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

இருப்பது ஒரே சாவி. சாவிக்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. வந்து பார்த்தால் வண்டி அமைதியாக நின்றது. என்ஜின் ஓடவில்லை. கதவை இழுத்ததும் திறந்துகொண்டது. சாவி டாஷ்போர்டின் மேல், யாரோ துடைத்து வைத்தது போல, நேராகக் கிடந்தது.

சாவிக்காரர் வண்டியைப் பார்த்தார், சண்முகத்தைப் பார்த்தார், வந்ததற்குக் கூலி என்று நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சண்முகம் ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்கை எட்டவில்லை. சீட் ஒரு சாண் பின்னால் தள்ளியிருந்தது. மேலே கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, வண்டியின் கூரைதான் தெரிந்தது. ஐந்தடி மூன்றங்குலம் உள்ள மனிதருக்குத் தெரிய வேண்டியதைவிட உயரத்தில் யாருடைய கண்ணுக்கோ அது திருப்பப்பட்டிருந்தது.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் முதலில் பூட்டிய கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த வண்டி அவர் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. சண்முகம் கல்கத்தா துறைமுகத்தில் மேல்நிலை குமாஸ்தா. ஓவர்டைமையும் சேர்த்துச் சம்பளம் என்று நினைக்கும் அப்பாவிகளில் ஒருவர். நடராஜன் என்று ஒரு லோன் ஏஜெண்ட். கல்கத்தாவில் தமிழ் பேசுகிற ஆள், ராகுகாலம் பார்த்துக் கையெழுத்து வாங்குகிற ஆள், அதனால் நல்ல ஆள் என்று சண்முகம் முடிவு கட்டிவிட்டார். "தவணை கட்ட முடியாம பேங்க் எடுத்துட்டு வந்த வண்டி சார், சல்லிசா முடிச்சுத் தாரேன்" என்றான் நடராஜன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதில் தொண்ணூறு கடன். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டதற்கு, "அது கெடக்கு சார், ஒரு ஆளு எத்தன சாவிய வச்சு ஓட்டுவாரு" என்றான். அந்தப் பதில் அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது. வாங்கிய மறுநாளே, போனட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துப் பாளையங்கோட்டையில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினார். கடனில் பாதி அந்த ஒரு போட்டோவுக்காக வாங்கியது.

செப்டம்பரில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். மூன்று தவணை நின்றது. டிசம்பரில் டாலிகஞ்சில் அவர் வீட்டு வாசலில் வசூல்காரர்கள் இரண்டு பேர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாடி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மிச்சம் இருந்தது ஒரு வழி. மகள் பூர்ணிமாவின் காலேஜுக்கென்று போட்டு வைத்த இருபத்தையாயிரம் ரூபாய் டெபாசிட். ஜூனில் அவள் சேர வேண்டும். அதை உடைத்தால் பாக்கியைக் கட்டி இன்னும் மூன்று நாலு மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு வண்டியும் இருக்காது, காலேஜும் இருக்காது.

மனைவி சகுந்தலாவிடம் கேட்டார். "டெபாசிட்ட ஒடைக்கவா, வண்டிய அவங்ககிட்ட விட்டுரவா? ஒரு வார்த்த சொல்லு."

"ஒங்க இஷ்டம்."

"என் இஷ்டத்தக் கேட்டுத்தான இந்த நெலமைக்கு வந்திருக்கோம்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட கேக்கிய?" என்றபடி அவள் அரிசியைக் களைந்தாள்.

நடராஜனுக்குப் போன் போட்டார். "டெபாசிட்ட ஒடைங்க சார், பணம் இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும், பாத்துக்கலாம்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. பேங்கில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வண்டியை ஒப்படைத்தால் கணக்கு முறைப்படி முடித்து வைக்கப்படும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முடித்து வைக்கப்படுவது கணக்கா நானா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆகவே, தைரியம் இல்லாதவர்கள் செய்வதைச் செய்தார். வண்டியை ஒளித்து வைக்கப் புறப்பட்டார்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முட்டுச் சந்து. அதற்குள் போக வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் நிறுத்துவதாக இருந்தார். முனையில் ஒரு ரிக்‌ஷாவுக்காக ஒதுங்கியபோது ஸ்டியரிங் லேசாக இழுத்தது போல இருந்தது, வண்டி சந்துக்குள் நுழைந்துவிட்டது. கோணல்மாணலாகக் கார்களும் ஸ்கூட்டர்களும் அடைந்து கிடந்த அந்தச் சந்தில், ஒரே ஒரு இடம், சரியாக ஒரு மாருதி நிற்கும் அளவுக்குக் காலியாக இருந்தது. கல்கத்தாவில் காலி இடம் என்பதே சந்தேகத்துக்கு உரிய விஷயம். நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். தரையில் பழைய எண்ணெய்க் கறை. அவருடைய வண்டி எந்த இடத்தில் சொட்டுமோ நேராக அதற்குக் கீழே. பின்சுவரில் பம்பர் உரசிய தழும்பு. அவர் வண்டியின் பம்பர் உயரத்தில்.

முனை டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எதோ தின் பொரே?" என்றார். இத்தனை நாள் கழித்தா என்று அர்த்தம். அவர் கேட்டது சண்முகத்தை இல்லை, வண்டியை.

வேறு ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே வண்டியைக் கிளப்பியிருப்பார். சண்முகம் ஒரு டீ குடித்துவிட்டு, மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது, வழியில் காளிகாட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, வண்டியைப் போய்ப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி. ஐந்து மணிக்கே பனியும் அடுப்புப் புகையும் சேர்ந்து சந்து பாதி மறைந்திருக்கும். பூட்டு பூட்டியபடிதான் இருக்கும். கதவைத் திறந்தால் சீட் பின்னால் போயிருக்கும். கண்ணாடி மேலே திரும்பியிருக்கும். முன்னால் இழுத்து, கீழே இறக்கி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் மறுபடி. கிலோமீட்டர் கணக்கு ஒரு எண்கூட நகர்ந்திருக்காது. யாரும் ஓட்டவில்லை. உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் சீட்டில் கை வைத்தார். சூடாக இருந்தது.

இன்னொரு நாள், வாங்கியதிலிருந்து மூடாமல் தொங்கிக்கொண்டிருந்த டாஷ்போர்டு பெட்டி, கச்சிதமாக மூடியிருந்தது. அதற்கு மறுநாள் இடது பக்கம் எரியாத விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை நாலு டயரிலும் காற்று நிரம்பியிருந்தது. பயத்தோடு பயமாக, அப்படியே கிளட்சையும் பார்த்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்த தன் புத்தியை அவரே நொந்துகொண்டார்.

கடைசியில் வீட்டில் சொன்னார். பூர்ணிமா வங்காளிப் பள்ளிக்கூடத்துப் பெண், "பூத், அப்பா. நிச்சயமா பேய்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சகுந்தலா அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"அமிர்தாஞ்சன் வாடை அடிக்கி. பேய்க்குத் தலவலி வருமாங்கும்?"

"நான் தடவல."

"நீங்க தடவலன்னு தெரியும். அதான் பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் 'ஒங்க இஷ்டம்' என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை நடராஜன் போன் செய்தான். புதன்கிழமைக்குள் பாக்கி வராவிட்டால் வண்டி எங்கே இருந்தாலும் எடுத்துவிடுவார்கள் என்றான். இடம் தெரியுமா என்று கேட்டதற்கு, "கல்கத்தால மாருதி எங்க சார் போயிரும்" என்று சிரித்தான். செவ்வாய்க்கிழமை சண்முகம் டெபாசிட் ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டார். பேங்குக்குப் போகும் முன் ஒரு தடவை வண்டியைப் பார்த்துவிடலாம் என்று காளிகாட்டில் இறங்கினார்.

மத்தியானம் ஒரு மணி. வெயில் வரவே இல்லை. சந்தில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் உள்பக்கம் மூச்சு படிந்து வெளுத்திருந்தது. அதன் நடுவே, உள்ளங்கை அளவுக்குத் துடைத்த ஓர் இடத்தில், இரண்டு கண்கள் தெரிந்தன. கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சண்முகத்துக்குக் கால் நகரவில்லை. ஓடுவதற்கு மூளை சொன்னது, காலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கண்கள் அசையவில்லை. பிறகு இடது பக்கக் கதவின் குமிழை உள்ளிருந்து ஒரு கை மெதுவாகத் தூக்கியது. கதவு திறந்தது.

"வாங்கோ. பனியில நிக்காதீங்கோ. ஒக்காருங்கோ" என்றது குரல்.

தன்னுடைய சொந்தக் காரில், இன்னொருவர் அழைத்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முதல் மனிதர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று சண்முகம் பின்னாளில் நினைத்துக்கொள்வார். அப்போது நினைக்கவில்லை. உட்கார்ந்தார்.

நெட்டையான மனிதர், அறுபது வயது இருக்கும். குளிருக்குக் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வண்டி ஓடுவது போலவே. குல்லாயைக் கழற்றினார். நெற்றியில் அமிர்தாஞ்சன் மினுங்கியது.

"விஸ்வநாதன். இந்த மாடிதான். வண்டி நாலு வருஷம் இங்கதான் நின்னது. தெருக்காரா யாரும் அந்த எடத்துல எதையும் விடலை. பாவம், திரும்பி வரும்னு நெனச்சா."

"நீங்கதானா மார்க்கெட்டுல..."

"பெட்ரோல் வீணாப் போறதேன்னு அணைச்சேன். பேங்க்காரா வண்டியைத்தான் எடுத்துண்டு போனா, எங்கிட்ட இருந்த இன்னொரு சாவியைக் கேக்கலை. நானும் குடுக்கலை." அவர் அதைத் தப்பென்றோ சரியென்றோ சொல்லவில்லை. "கம்பெனியை மூடிட்டா. ஆறு தவணை நின்னுது. மத்தியானத்துல இதுல வந்து ஒக்காந்தாத்தான் எனக்குக் கண்ணை மூட முடியறது. ஒங்களுக்குத் தொந்தரவு இல்லாம சீட்டை முன்னாடி நகர்த்திட்டுப் போகணும்னு நெனப்பேன். மறந்துடறேன்."

கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று சண்முகத்துக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்தார், கோபம் வரவில்லை. விளக்கும் காற்றும் பெட்டியும்தான் ஞாபகம் வந்தன.

"எவ்வளவுக்கு வாங்கினேள்?" என்று கேட்டார் விஸ்வநாதன்.

"ஒண்ணு பத்து. நடராஜன் முடிச்சுக் குடுத்தாரு."

கண்ணாடியில் மூச்சு படிந்து, துடைத்த இடமும் மறைந்து, வெளியே சந்து இல்லாமல் போயிற்று.

"எனக்கும் நடராஜன்தான் கடன் வாங்கிக் குடுத்தான். ஏலத்துல அறுபதுக்குத்தான் போச்சுன்னு பேங்க் எனக்குக் கடுதாசி போட்டது."

இருவரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதாக யாரோ பின் சீட்டில் இருப்பது போல் சண்முகத்துக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அடுத்த தவணையில் வண்டியை வாங்கப்போகிறவனாக இருக்கலாம்.

பையிலிருந்த ரசீது நெஞ்சில் குத்தியது. ஒரு மாதமாக எல்லாரிடமும் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்டார்.

"மூணு தவண நின்னு போச்சு, நாளைக்குள்ள கட்டலன்னா வண்டிய எடுத்துருவாங்க. பொண்ணு படிப்புக்கு வச்ச பணம் இருக்கு, அத ஒடைச்சாக் கொஞ்ச நாள் ஓடும். வேண்டாம்னா, சாவிய அவங்க கையில குடுத்துட்டு ஒதுங்கிரலாம். குடுத்துட்டா அத்தோட முடிஞ்சிருமா சார்?"

"முடியாது" என்றார் விஸ்வநாதன்.

கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் சொன்னார். "வண்டிதான் போகும். கடன் போகாது. வித்தது போக மிச்சத்தை நம்ம தலையில எழுதுவா. நான் ஒண்ணேகால் வருஷமா மாசம் ஆயிரத்தைந்நூறு கட்டிண்டிருக்கேன், இந்த வண்டிக்கு. நீங்க மூணு மாசமாக் கட்டலை. நான் ஒரு மாசம் விடலை. ஒங்களுக்குப் பாக்கி எவ்வளவு?"

"எழுபத்திரண்டு."

"நன்னா ஓடற வண்டி, எண்பதுக்குப் போகும். ஆனா நீங்க விக்கணும், அவா இல்லை. நடராஜன்கிட்ட மூச்சு விடாதீங்கோ. வாங்கறவனை நேரா பேங்குக்குக் கூட்டிண்டு போய், பணத்தை ஒங்க கடன்ல கட்ட வச்சு, கடன் தீர்ந்துதுன்னு எழுதி வாங்கிண்டு அப்பறம் சாவியைக் குடுங்கோ. இன்னிக்கே ஆளைப் பாருங்கோ, நாளைக்குன்னு வெக்காதீங்கோ. பொண்ணு பணத்தைத் தொடாதீங்கோ. வித்தப்பறம் இந்த வண்டி எங்க நிக்கறதுன்னு தேடிண்டு மட்டும் போகாதீங்கோ. நான் போனேன், அதான் சொல்றேன்."