மொழி என்றொரு நிரல்

பேராதனைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கம்பளையில் ஏறியதிலிருந்து ஒரே குஷி. நேற்று மாலை நான் அனுப்பிய அறிக்கையை மேனேஜர் சேர் பாராட்டுவார், பத்து மணிக் கூட்டத்தில் என் பெயர் வரும் என்று. அந்தக் குஷியிலேயே போனைத் திறந்து அறிக்கையை இன்னொரு தரம் பார்த்தேன். பார்த்ததும் குஷி போன இடம் தெரியவில்லை.

பல்லேகலையில் கையுறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் மனிதவளப் பிரிவு உதவியாளர். பெயர் இராஜகுமாரி, எல்லாருக்கும் ராஜி மிஸ். போன மாதம் 'மனந்திறந்து பேசுவோம்' என்று ஒரு திட்டம் வந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவே பேச்சே இல்லையாம், அதனால்தான் ஆட்கள் நிலைப்பதில்லையாம். ஆளுக்கொரு படிவம்; பெயர் வேண்டாம், பிரிவை மட்டும் எழுதிப் பெட்டியில் போடட்டும் என்றார்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. விடுவேனா நான்? இரண்டு கிழமை சண்டை பிடித்துத் தமிழிலும் அச்சடிக்க வைத்தேன். தமிழ் தெரிந்த பிள்ளைகளிடம் நானே போய், "பயப்படாம எழுதுங்க, காதும் காதும் வச்ச மாதிரி இருக்கும்" என்று சொன்னேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் தமிழில் வந்தவை ஒன்பது. அவற்றைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவளும் நானே. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? என் சண்டைக்குப் பலன் கிடைத்ததென்று ஊருக்குக் காட்ட வேண்டாமா! அட்டவணையில் 'பிரிவு' என்பதற்குப் பக்கத்தில் 'மொழி' என்று ஒரு நிரலைச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர்கள் எல்லாருக்கும் பிரதி வேறு அனுப்பினேன்.

அதில் ஒரு வரி இப்படி இருந்தது. பிரிவு: பொதி கட்டல். மொழி: தமிழ். 'கழிப்பறைக்குப் போகக் கார்டு வேண்டும்; நாற்பது பேருக்கு இரண்டே இரண்டு. கேட்டாலும் மேற்பார்வையாளர் தருவதில்லை. பயத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து எனக்குச் சிறுநீரில் கிருமி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.'

பொதி கட்டும் பிரிவில் தமிழ் எழுதுகிறவள் ஒருத்திதான். திகனையிலிருந்து வருகிற சகீனா. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். சேர்ந்து ஆறு மாதம் முடிந்து, வேலையை நிரந்தரமாக்கும் படிவம் மூன்று கிழமையாக மேற்பார்வையாளர் மல்காந்தியின் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. நான் பெயரைத்தான் எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாவி!

கண்டியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை. வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் பொதி கட்டும் பிரிவுக்குப் போனேன். மல்காந்தி நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சகீனா என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். நான் அவள் பக்கம் போகாமல் மல்காந்தியிடம் போய், நேற்று எத்தனை பெட்டி போனது என்று ஒரு மண்ணுக்கும் உதவாத கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஒன்பதரைக்கு மறுபடியும் போனேன். இந்த முறை சகீனா கையில் இருந்த பெட்டியை வைத்துவிட்டு, என்ன மிஸ் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். என்னத்தைச் சொல்ல? உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்றா? முதலில் கூட்டத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டு நல்ல செய்தியோடு வரலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

கூட்டத்தில் மேனேஜர் சேர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். மல்காந்தி சிரித்தாள். "எங்க பிரிவுல தமிழ்ல எழுதுற ஆள் ஒருத்திதானே சேர். அவளுக்கு வேலை செய்ய மனமில்லை" என்றாள் சிங்களத்தில்.

நான் எழுந்துவிட்டேன். வாய் நிற்கவில்லை.

"சேர், யார் எழுதினாங்கனு தேட மாட்டோம்னு நாம வாக்குக் குடுத்தோம். அந்த நிரலைப் போட்டு வாக்கைக் கெடுத்தவ நான். தண்டிக்கிறதுனா என்னைத் தண்டிங்க. அந்தப் பிள்ளைட நிரந்தரப் படிவம் மூணு கிழமையா மல்காந்தி மிஸ்ட மேசையில கெடக்குது. அவ வேலையில குறை இருந்தா இப்பவே எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும்."

மேனேஜர் சேர் மல்காந்தியைப் பார்த்தார். "குறை இருக்கா?"

"இல்லை சேர்."

"அப்ப எடுத்துட்டு வந்து கையெழுத்தப் போடுங்க. கழிப்பறைக் கார்டு இன்னையோட சரி, யாருக்கும் வேணாம். ராஜி, உங்க பிழையப் பத்தி நாம பிறகு பேசுவோம்."

மை காயாத படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாற்பது வயதுப் பொம்பிளை தொழிற்சாலைக்குள் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! பொதி கட்டும் பிரிவில் சகீனாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை சொன்னாள்: காலையில் வேலை தொடங்கும்போதே மல்காந்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் எழுதினவள் இனி வேறு இடம் பார்க்கலாம் என்றாளாம். பத்து மணிக்குச் சகீனா விலகல் கடிதம் கொடுத்து, அடையாள அட்டையையும் வாசல் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அங்கேயே நின்று போன் எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் அவள் குரல் கேட்டது.

"சகீனா, ஏம்மா போனீங்க? எல்லாம் சரியாகிருச்சு! படிவத்துல கையெழுத்து வாங்கிட்டேன்!"

"வெரட்டினா அடுத்த பெக்டரில எடுக்க மாட்டாங்க மிஸ். அதான் நானே எழுதிக் குடுத்திட்டு வந்தேன்."

"யாரு வெரட்டுறது? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"மல்காந்தி மிஸ் ஏசினதுக்கு நான் போகல்ல. அவங்க எந்த நாளும்தான் ஏசுற. நீங்க ரெண்டு தரம் வந்தீங்க. என்ட மூஞ்சப் பாத்தீங்க, ஒண்டும் சொல்லல்ல. ராஜி மிஸ்ஸே பேசாமப் போறாங்கண்டா என்ட வேல முடிஞ்சிண்டு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லி இருந்தா நான் இருந்திருப்பேனே."

"வெக்கமா இருந்துச்சு சகீனா. என்னாலதான் தெரிய வந்துச்சு. அந்த முகத்த வச்சுக்கிட்டு எப்புடிச் சொல்றதுனு தெரியல."

"வெக்கம் உங்களுக்கு மிஸ்" என்றாள். "வேல எனக்கு."

போனை வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். யாரிடமும் லீவு கேட்காமல் வாசலுக்கு வந்து, திகனைப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.